குனிந்தவருக்கு

பதினான்கு கிலோ.
அரசு வக்கீல் அதைத்தான் முதலில் சொன்னார்,
ஊர்ப் பெயருக்கும் முன்னால், அவள் பெயருக்கும் முன்னால்.
பிறகு உரச்சாக்கைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள்.
மூன்று வாரம் காவல்நிலையத்தில் கிடந்த செம்பனை உதிரி
கறுத்து, எண்ணெய் கசிந்து
சங்காவ் நீதிமன்றத்தின் பச்சைத் துணியில்
ஒரு தீவு வரைந்துகொண்டிருந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன்.
ஓர் அமர்வுக்கு ஒன்றரை லட்சம் ரூப்பியா,
மதியச் சோறு தனி.
ரென்யாய் பேசுவது நான் பிறந்த மொழி.
நீதிபதி பேசுவது பள்ளியில் நான் அடிவாங்கிக் கற்றது.
இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

கம்பெனி நிலத்துக்குள் போனாரா என்று கேட்டார்கள்.
போனாயா என்றேன்.
"போகவில்லை. அங்கேதான் இருந்தேன்.
அவர்கள்தான் வந்தார்கள்.
என் இரண்டாவது பிள்ளையின் கொடியைப் புதைத்த இடம்
இப்போது நாலாவது வரிசை, பதினோராவது மரம்."
"போனாராம், ஐயா."

எல்லைக்கல் கண்ணில் படவில்லையா?
எங்கள் பேச்சில் எல்லைக்குச் சொல் உண்டு.
கல்லுக்கும் உண்டு.
இரண்டையும் சேர்த்து எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.
அவள் மரங்களைச் சொன்னாள்.
ஓடை திரும்புமிடத்துத் துரியான்,
இடி விழுந்தும் காய்க்கிற தெங்காவாங்,
ஒவ்வொன்றையும் நட்டவர் பெயரோடு.
பதினேழு பெயர்.
தட்டச்சுக்காரர் ஆறாவதில் நிறுத்தி
விரலைச் சொடுக்கிக்கொண்டார்.

பிறகு அந்தக் கேள்வி.
விழுந்து கிடந்ததை எடுத்தீர்களா?

ரென்யாய் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.
"துரியான் பழுக்கும்போது யாரும் மரம் ஏறமாட்டோம்.
பறிப்பது சொந்தக்காரனுக்கும் ஆகாது.
இருட்டில் காத்திருப்போம். தொப்பென்று கேட்கும்.
முதலில் போய் எவர் குனிகிறாரோ அவருக்கு.
வழிப்போக்கனானாலும் சரி,
நேற்றுத்தான் சண்டைபோட்டவனானாலும் சரி.
மரம் நட்டவருக்கு; விழுந்தது குனிந்தவருக்கு.
குலையை நான் தொடவில்லை. கத்தி கொண்டுபோகவில்லை.
விழுந்ததற்குக் குனிந்தேன்.
பதினான்கு கிலோ உதிரிக்கு
எத்தனை தடவை குனியவேண்டும், அவரைக் கேள்."

மின்விசிறி ஓடியது.
கம்பெனி வக்கீல் கைபேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.
எனக்கு மோட்டார் சைக்கிள் தவணை நினைவு வந்தது.
கம்பெனிக் கூட்டுறவில் எடுத்த கடன்.
தம்பி அங்கே லாரி ஓட்டுவதும் நினைவு வந்தது.
இதெல்லாம் காரணமில்லை.
மணி ஒன்றாகிவிட்டது, பசி.
அதுவும் காரணமில்லை.

"எடுத்ததை ஒப்புக்கொள்கிறார், ஐயா."

தட்டச்சு சட்டென்று பிடித்துக்கொண்டது.

மூன்று மாதம், பதினைந்து நாள்.
சாக்கு சாட்சிப்பொருள்;
உரிய கம்பெனியிடம் திருப்பித் தரப்படும்.

கூட்டிப்போகையில் என்னருகே வந்ததும் நின்றாள்.
வாரச் சந்தையில் மிளகு விற்பவள்,
அந்த மொழி அவளுக்கும் கொஞ்சம் வருமாம்.
எனக்குத் தோன்றவே இல்லை.
"குனிந்தேன் என்பதை விட்டுவிட்டாய்" என்றாள்.
கோபமாக அல்ல,
கடையில் சில்லறை குறைவதைச் சொல்வதுபோல.

வீட்டுக்குப் போகும் சாலை முழுக்கக் குழி.
லாரி ஒவ்வொன்றும் ஏறி இறங்கும்போது
நாலைந்து பழம் தெறிக்கும்,
சிவப்பாக, நடுச்சாலையில்,
எவருக்கென்று எழுதாமல்.
நான் வளைத்து வளைத்து ஓட்டுகிறேன்,
முதுகு நிமிர்ந்து.
தவணை இன்னும் பதினோரு மாதம்.